டயர் செக்‌ஷன் பக்கம் காவல் நின்ற ராத்திரி: போனில் மனம்விட்டுப் பேசிய தொழிலாளர்களின் அனுபவங்கள்

பஸ் டிப்போ தொழிற்சங்கத்தின் பழைய கிளைச் செயலாளர் எழுதுகிறேன்.

போனில் மனநல ஆலோசனை என்றால் முன்னெல்லாம் நானே சிரித்திருக்கிறேன். "ஸ்பேர் பஸ் தரமாட்டான், ஆள் எடுக்கமாட்டான், மூச்சை இழுத்துவிட மட்டும் சொல்லித் தருவான்" என்று வாயிற்கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசியவன். அந்தப் பேச்சை இன்னும் முழுசாக வாபஸ் வாங்கவில்லை. ஆனால் சிரிப்பதை விட்டுவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், உங்களிடமும் இப்படி ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள்.

எங்கள் டிப்போ ஓட்டுநர் ஒருவர். பதினேழு வருஷ சர்வீஸ். ஒரு திருப்பத்தில் இடதுபக்கம் நுழைந்த டூவீலர் சறுக்கி, பின்னால் உட்கார்ந்திருந்த பையன் பஸ்ஸின் பின்சக்கரத்தில் விழுந்துவிட்டான். இவர்மேல் தப்பில்லை என்று விசாரணையிலேயே முடிவாகி, சஸ்பென்ஷன் ரத்தாகி, திரும்ப வண்டிக்கு வந்தார். வந்தவருக்கு அந்தத் திருப்பம் நெருங்கினாலே ஸ்டியரிங்கில் கை வழுக்கும் அளவுக்கு வியர்க்கும். இடதுபக்கக் கண்ணாடியைப் பார்ப்பார், திரும்பப் பார்ப்பார், பார்த்துக்கொண்டே இருப்பார். கண்டக்டர் ரெண்டு விசில் கொடுத்தும் வண்டி நகராது. லைட் ட்யூட்டி, அதாவது வண்டி ஓட்டாத லேசான வேலை கேட்டார். காரணம் எழுதிக் கொடு என்றார்கள். "தலைசுற்றல்" என்று எழுதினார்.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு ஒருதரம் போனார். வரிசையில் நிற்கும்போது, அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வந்த நம்ம ஆள் ஒருத்தர் பார்த்துவிட்டார். மறுநாள் ஓய்வறையில், "என்னண்ணே, கீழ்ப்பாக்கமா?" கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794 வரை போகிறது. இத்தனை வருஷம் எத்தனை பேருக்கோ வைத்தியம் பார்த்தும் அந்த ஊர்ப் பெயர் நம் வாயில் வசவாகத்தான் இருக்கிறது. மனுஷன் அப்புறம் அந்த வரிசைக்கே போகவில்லை. போக நேரமும் கிடையாது, ஓ.பி. பார்ப்பது காலையில், இவர் அந்நேரம் வண்டியில்.

14416 என்ற நம்பரை எங்கேயோ சுவரில் பார்த்த ஞாபகம் இருந்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ் என்ற போன் வழி மனநல ஆலோசனை. பெங்களூரில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவ நிறுவனம்தான் அதற்குத் தலைமை இடம். நம் மாநிலத்தில் அதே மாதம் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் வந்தது. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். அவரிடம் சொல்வதற்கு முன்னால் நானே ஒருதரம் அடித்துப் பார்த்தேன். தமிழில்தான் பேசினார்கள். "உங்களுக்கா, வேற யாருக்காவதா?" என்று கேட்டார்கள். "தெரிஞ்சவருக்கு" என்றேன். எனக்கும்தான் என்று சொல்ல வாய் வரவில்லை, அது வேறு கதை.

ராத்திரி பதினொன்றேகால். ஷெட்டின் கோடியில் நின்ற ஸ்பேர் வண்டியின் கடைசி சீட்டில் உட்கார்ந்து அவர் பேசினார். விளக்கு போடவில்லை. யாரும் அந்தப் பக்கம் வந்துவிடாமல் நான் டயர் செக்‌ஷன் ஓரம் நின்று, வருகிறவனிடமெல்லாம் ஏதாவது பேச்சுக் கொடுத்து மடக்கிக்கொண்டிருந்தேன். முப்பது வருஷ சங்க வேலையில் மெமோவுக்குப் பதில் எழுதியிருக்கிறேன், லேபர் கோர்ட் படி ஏறியிருக்கிறேன். இப்படி ஒரு காவல் அதுதான் முதல்தடவை. நாற்பது நிமிஷம். இறங்கி வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. "டீ குடிக்கலாமா தோழர்?" என்றார்.

அடுத்தடுத்த பேச்சில் அவருக்குச் சொல்லப்பட்ட ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. அந்தத் திருப்பத்தை உடனே ஓட்டிக் கடக்காதீர்கள், முதலில் பயணியாகக் கடந்து பாருங்கள் என்றார்களாம். காலை முதல் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து டிக்கெட் எடுத்துப் போனார். பாஸ் இருந்தும் டிக்கெட் எடுத்தார், எதற்கென்று கேட்டால் தெரியவில்லை என்கிறார். போனில் பேசுகிறவர் மாத்திரை எழுதித் தரவில்லை. தேவைப்படும் என்று தோன்றியதும் மாவட்ட மனநலத் திட்ட டாக்டரிடம் அனுப்பி வைத்தார்கள். இந்தத் தடவை எந்த நாள், எந்த அறை, யாரைப் பார்ப்பது என்று தெரிந்து போனதால் வரிசையில் நின்று முழிக்கவில்லை.

—

ஓவர்லாக்:

நான் நூல் மில்லும் கார்மெண்ட்ஸும் பார்த்தவள். ஹாஸ்டலில் ஒரு ரூமுக்கு எட்டுப் பேர். நீங்கள் சொன்ன அந்த ஸ்பேர் வண்டி எங்களுக்குக் கிடையாது அண்ணா. போனில் பேச வசதி வந்தாலும் பேச இடம் வேண்டுமே! வார்டன் காது கேட்காத மூலை ஹாஸ்டலில் இல்லை.

அம்மா போய் ஆறு மாதம். லைனில் உட்கார்ந்தால் பீஸ் ஓடும், கை ஓடும், நான் இருக்க மாட்டேன். ஊசி ரெண்டுதரம் விரலில் ஏறியது. சங்கத்து அக்காதான் ஞாயிற்றுக்கிழமை வெளியே விடும்போது சங்க ஆபீஸுக்கு வரச் சொன்னார். பழைய பேனரெல்லாம் கட்டி வைத்திருக்கும் பின் அறை, ஒரு நாற்காலி, இயர்போன். கதவைச் சாத்திவிட்டு அக்கா வெளியே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். முதல்நாள் பாதிநேரம் அழுதேன். எதிர்முனையில் இருந்தவர் அழாதே என்று சொல்லவே இல்லை. எனக்கு அது புதுசு, வீட்டில் எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

2022-ல் திண்டுக்கல் பக்கம் பெண்கள் சங்கம் போட்ட ஒப்பந்தத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சூப்பர்வைசர் தொல்லை கொடுத்தால் லைனிலேயே ஒரு பெண்ணிடம் சொல்லலாம் என்று வந்தது. நான் இருந்த இடம் அதில் இல்லை. இருந்திருந்தால் பாதி விஷயத்தைப் போனில் சொல்லத் தேவையிருந்திருக்காது. கவுன்சலிங் எனக்குத் தூக்கத்தைக் கொடுத்தது. டார்கெட்டை அது குறைக்கவில்லை.

—

ரன்னிங் ரூம்:

லோகோ பைலட், அதாவது ரயில் ஓட்டுகிறவன். வண்டி ஓடும்போது போனை அணைத்து வைக்க வேண்டும், அது சரியான விதிதான். ட்யூட்டி முடிந்து சைன் ஆஃப் ஆகி, நாங்கள் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூம் வந்தால் பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் தூங்கிக்கொண்டிருப்பார். மொட்டை மாடியில் காயும் பெட்ஷீட்டுகளுக்கு நடுவில் நின்றுதான் நான் பேசினேன்.

நூறு கிலோமீட்டர் வேகத்தில் எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் வண்டி கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஓடித்தான் நிற்கும். அந்த நேரம் முழுவதும் நாம் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். ஹாரனை விடாமல் அழுத்துவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. தண்டவாளத்தில் நின்றவர் கடைசியில் என்னைப் பார்த்தார். இதற்குமேல் எழுத மாட்டேன்.

"முதல் சில வாரம் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வரும், வந்தால் பைத்தியம் என்று அர்த்தமில்லை. ஒரு மாதம் தாண்டியும் அதே அளவில் வந்தால் கட்டாயம் டாக்டரைப் பாருங்கள்" என்றார் போனில் பேசிய பெண். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் எனக்கு இதை யாரும் சொன்னதில்லை. சீனியர்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ரெண்டு பெக் போட்டுத் தூங்கு." மறுநாள் ட்யூட்டி ஏறும் சைன் ஆனில் ஊது கருவி காட்டிக்கொடுத்து வேலை போனவர்கள் அந்த யோசனையால்தான் போனார்கள்.

—

நாலுபேர் செக்‌ஷன்:

எல்லோரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள், என் கதை கொஞ்சம் வேறு. எங்கள் கம்பெனி காசு கொடுத்து ஒரு மனநல ஆலோசனை ஆப் வாங்கி எல்லோருக்கும் இறக்கிக் கொடுத்தது. போஸ்டரில் ரகசியம், ரகசியம் என்று மூன்று இடத்தில் இருந்தது. மூன்று மாதம் கழித்து ஒரு மீட்டிங்கில் செக்‌ஷன் வாரியாக எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று திரையில் போட்டார்கள். பெயர் கிடையாது. ஆனால் எங்கள் செக்‌ஷனில் மொத்தமே நாலு பேர், அதற்கு நேரே "1" என்று இருந்தது. மீதி மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அடுத்த ஊதியப் பேச்சில் சங்கம் இதையும் ஒரு கோரிக்கையாக வைத்தது: செக்‌ஷன் கணக்கு கூடாது, ஷிஃப்ட் கணக்கு கூடாது, ஆலை முழுக்க ஒரே எண்தான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-லேயே சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது உரிமை என்று இருக்கிறது. அதை அச்செடுத்து மேஜையில் வைத்தபிறகுதான் நிர்வாகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். நான் இப்போது அரசு நம்பரில்தான் பேசுகிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் எடுத்தால் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது, அது ஒரு எரிச்சல். "போன தடவை பேசினவரே வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு ரெண்டுதரம் கிடைத்தது.

—

மறுமுனை:

நான் போன் எடுக்கும் பக்கத்தில் வேலை பார்க்கிறேன், இடம் வேண்டாம். உழைக்கிற ஆட்கள் யாரும் "மனச்சோர்வு" என்று தொடங்குவதில்லை. "கேஸ் ட்ரபிள்", "நெஞ்சு படபடக்குது", "ஒரே யோசனையா இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பாதிப்பேர் தம்பிக்காகவோ மச்சானுக்காகவோ கேட்பார்கள். தம்பியைப் பற்றி இருபது நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தால் தம்பி மெதுவாக "நான்" ஆகிவிடுவார். செயலாளர் ஐயா "தெரிஞ்சவருக்கு" என்று சொன்னதைப் படித்துச் சிரித்துக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வாட்ச்மேன்களும் ஓட்டுநர்களும் அதிகம் கூப்பிடுவது விடியற்காலை ரெண்டு மணியிலிருந்து நாலு மணிக்குள். நான் நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

—

சைடு சீட்:

செயலாளர் தோழர், ரெண்டு கேள்வி. இதெல்லாம் வெளியே தெரிந்தால், வேலைக்குத் தகுதியா என்று பார்க்கும் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பி வேலையைப் பிடுங்கிவிட மாட்டார்களா? அந்த ஓட்டுநர் இப்போது எப்படி இருக்கிறார்?

—

பழைய கிளைச் செயலாளர்:

மறுமுனைக்காரரே, கோபமில்லை. அந்தத் தெரிஞ்சவர் போன மாதம் மறுபடியும் கூப்பிட்டார்.

மெடிக்கல் போர்டு பயம் எல்லோருக்கும் இருக்கிறது. 14416-க்குப் பேசுவது உங்கள் சர்வீஸ் ரெக்கார்டில் ஏறும் விஷயம் இல்லை, நிர்வாகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதையும் தாண்டி, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 என்ன சொல்கிறதென்றால், வேலையில் இருக்கும்போது மாற்றுத்திறன் ஏற்பட்டவரை அரசு நிறுவனம் வேலையைவிட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். மனநோயும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ், சதவீதம் என்று நடைமுறை இருக்கிறது, அந்த நிலை வந்தால் சங்கத்திடம் வாருங்கள்.

அவர் வண்டி ஓட்டுகிறார். அந்தத் திருப்பம் இல்லாத ரூட்டை மாற்றி வாங்கிக் கொடுத்திருக்கிறோம், அதற்கு மேலாளர் அறையில் ரெண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. இந்த ஆயுதபூஜைக்கு அவருடைய வண்டிக்கும் பொட்டு வைத்து மாலை போட்டு, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஓட்டுநர் ஏறி நசுக்கி நகர்த்த வேண்டும். அவர் சாவியைப் பக்கத்து வண்டி ஓட்டுநர் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். யாரும் சிரிக்கவில்லை. வண்டி நகர்ந்ததைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த வருஷம் பார்க்கலாம் தோழர்" என்றார்.