பழைய தார் ஜீப்: ஃபோர் ஹை போட்டால் ஸ்டீயரிங் இறுகுகிறது, வாங்கலாமா?

தாண்டிக்குடிக்காரன்:
வணக்கம். தாண்டிக்குடிக்கு மேலே மூன்று ஏக்கர் காபியும் மிளகும் வைத்திருக்கிறோம். வத்தலக்குண்டிலிருந்து ரோடு பரவாயில்லை, கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் மண் பாதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்பாவின் பொலிரோ அங்கே ஏறாது, அது டூ வீல் டிரைவ். மூட்டைகளைத் தலைச்சுமையாகத்தான் இறக்குகிறோம். கையில் ஆறு லட்சம், டயர், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

2012 தார் சிஆர்டிஇ (டீசல் மாடல்) ஒன்று பார்த்தேன், ஐந்தே கால் சொல்கிறார். ஃபோர் ஹை (நாலு சக்கரமும் இழுக்கும், சாதாரண வேகத்துக்கானது) போட்டு, நல்ல ரோட்டிலேயே ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பினேன். ஸ்டீயரிங் இறுகிவிட்டது, யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல வண்டி விட்டு விட்டு நகர்ந்தது, டயர் கீச்சிட்டது. திரும்ப டூ வீலுக்கு மாற்றப் பார்த்தால் லிவர் அசையவே இல்லை. "இந்த வண்டி அப்படித்தான்" என்கிறார் விற்கிறவர். உள்ளே ஏதாவது உடைந்திருக்குமா? இல்லை, பேசாமல் ஒரு மாருதி ஜிப்ஸி ஜீப் தேடட்டுமா?

பட்டறை அண்ணன்:
தம்பி, அது பெரும்பாலும் பழுதாக இருக்காது. இந்த வண்டிகளில் நடு டிஃபரென்ஷியல், அதாவது முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு, கிடையாது. ஃபோர் வீல் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும், ஆனால் வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தை விட அதிக தூரம் போகும். சேற்றில் என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த ரோட்டில் வழுக்க முடியாது, முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும், சக்தியை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறி நிற்கும், லிவர் மாட்டிக்கொண்டது அதனால்தான். ஸ்டீயரிங்கை நேராக வைத்துப் பத்துப் பதினைந்து அடி ரிவர்ஸ் வந்து லிவரைத் தள்ளிப் பாருங்கள். இனிமேல் காய்ந்த ரோட்டில் ஃபோர் வீல் போடவே வேண்டாம்.

ஒரு கேள்வி, நாலு டயரும் ஒரே மாதிரி இருக்கிறதா?

தாண்டிக்குடிக்காரன்:
இல்லை அண்ணா. பின்னால் இரண்டும் புது எம்டி (சேற்று டயர்), முன்னால் இரண்டும் வழுக்கை.

பட்டறை அண்ணன்:
அப்படியானால் நேர் ரோட்டில்கூட முறுக்கு ஏறும். தையல் டேப்பை டயரின் நடுவில் சுற்றி அளந்து பாருங்கள். ஃபோர் வீல் வண்டிக்கு நாலும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். புது டயர் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள், அது நியாயமான பேரம். அப்புறம் ஈர மண்ணில் ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக பலத்தோடு இழுப்பது) போட்டு, ஒருவரை வெளியே நிற்க வைத்து, முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். லிவர் விழுகிறது என்பதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள்.

ஜிப்ஸி பிரியன்:
ஜிப்ஸி 1.3 லிட்டர் பெட்ரோல், எடை ஒரு டன்னை ஒட்டித்தான் வரும், சேற்றில் மிதந்து போகும். எனக்கு உயிர். ஆனால் நீங்கள் எட்டு மூட்டை ஏற்றி மலை ஏற வேண்டியவர். தாரின் 2.5 லிட்டர் டீசல் குறைந்த சுற்றிலேயே இழுக்கும், உங்களுக்கு அதுதான் சரி. ஆர்சியில் ஒரு விஷயம் கவனியுங்கள். 2012 பதிவு என்றால் பதினைந்து வருடம் முடிந்து 2027-இல் புதுப்பிக்க வேண்டும், அந்தச் செலவையும் இப்போதே பேசிவிடுங்கள். சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள், லோன் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எஸ்டேட் டிரைவர்:
பம்பர், லைட், ஸ்நோர்கல் (இன்ஜினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்) எதற்கும் இப்போது காசு போடாதீர்கள். முன் பக்கம் புல் பார் (பம்பருக்கு முன்னால் போடும் இரும்புக் கம்பி) மாட்டினால் சட்டப்படியே தப்பு, 2017-லேயே தடை செய்துவிட்டார்கள். முதலில் நாலு ஏடி டயர் (ரோடு, மண் இரண்டுக்கும் ஆனது). அடுத்து பேட்டரியில் மாட்டும் ஏர் கம்ப்ரஸர், அதை நான் டயருக்குச் சமமாகச் சொல்வேன். சேற்றில் 20 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் அகலமாகப் படிந்து பிடிக்கும், ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏற்றியாக வேண்டும், காற்று குறைந்த டயரில் வேகமாகப் போகக்கூடாது. பிறகு மாட்டிய வண்டியை இழுக்கும் நல்ல ரெக்கவரி ஸ்ட்ராப் (நாடா) ஒன்று, அதை வண்டியில் பூட்டும் 4.75 டன் ஷேக்கிள் இரண்டு, மண்வெட்டி, கையுறை. ஷேக்கிளைச் சேசிஸ் கொக்கியில்தான் மாட்ட வேண்டும், பம்பரில் கூடாது. இரும்பு ரோப் வேண்டவே வேண்டாம், ஒரு முறை அறுந்து வந்து என் வண்டியின் கண்ணாடியில் அடித்தது, உள்ளே ஆள் இருந்தார், தப்பித்தார். ஸ்ட்ராப் போட்டாலும் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள், பக்கத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

இறங்கும்போது ஃபோர் லோ, முதல் கியர், கிளட்சை மிதிக்கவே கூடாது. இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

தாண்டிக்குடிக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலையில் மறுபடி போனேன். டேப்பில் அளந்தால் முன் டயர் 4 செ.மீ. சின்னது! நேராக ரிவர்ஸ் வந்ததும் டக் என்று லிவர் தானாக விழுந்தது. குளத்துக் கரை ஈர மண்ணில் தம்பியை வெளியே நிறுத்திப் பார்த்தேன், முன் சக்கரம் இரண்டு பக்கமும் மண்ணை வாரி வீசியது. சேசிஸ் நம்பர் சரி, லோன் இல்லை. டயருக்காக நாற்பதாயிரம் குறைக்க ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கிறேன்.

எஸ்டேட் அண்ணா, கம்ப்ரஸர் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

எஸ்டேட் டிரைவர்:
சிகரெட் சாக்கெட்டில் செருகுகிற சின்னது வேண்டாம், சூடாகி நின்றுவிடும். பேட்டரியில் நேராகக் கவ்வும் கிளிப் இருக்கட்டும், ஓஸ் பின் டயர் வரை எட்டுகிறதா என்று கடையிலேயே வண்டியை நிறுத்தி இழுத்துப் பாருங்கள்.