அவுட்போர்டு பெட்ரோல் பம்ப்: டயாஃப்ரம் கிட் போதுமா?

அண்ணன்மாரே, 2 சிலிண்டர், 40 எச்.பி. டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்). முழு வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடியதும் ஆர்.பி.எம். இறங்குகிறது, ரப்பர் கைப்பம்பை அமுக்கினால் உடனே எழும்புகிறது. டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்தே இருக்கிறது, ஃபில்டர் புதிது. பம்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற டியூப் மாட்டிப் பார்த்தாயிற்று, காற்றுக் குமிழ் இல்லை.

மேல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் மட்டும் பெட்ரோலில் நனைந்து வருகிறது. பம்பின் பல்ஸ் துளை (பம்பை இயக்கும் அழுத்தத் துடிப்பு வரும் துளை) அந்தச் சிலிண்டரின் கிராங்க்கேஸில்தான் (கிராங்க் சுழலும் அறை) இருக்கிறது. டயாஃப்ரம் (பம்புக்குள் துடிக்கும் மெல்லிய சவ்வு) கிழிந்து அதன் வழியே பெட்ரோல் உள்ளே போகிறது என்றே படுகிறது. கைப்பம்பை அமுக்கியே ஓட்டக் கூடாது. பெட்ரோல் குறைந்தால் அதில் கலந்த ஆயிலும் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

டயாஃப்ரம், கேஸ்கெட் கிட் போதுமா? வால்வு தகடு வளைந்திருந்தால் முழு பம்பே மாற்றணுமா? கேஸ்கெட் திரும்பி பல்ஸ் துளையை மூடினால் பம்ப் வேலையே செய்யாது. அடுக்கு வரிசைப் படம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து போடுங்கள்.