வீட்டுக்குள் சிரிக்க வைக்கும் கேலி, உறவினர் முன்னால் ஏன் வலிக்கிறது?

செங்காங் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் தாதியாகச் சுழற்சி முறையில் வேலை பார்க்கிறேன். கணவருக்கு அலுவலக வேலை, மகன் பாலர் பள்ளிக்குப் போகிறான். இரவுப் பணி முடிந்து ரயிலில் உட்கார்ந்ததும் எனக்குக் கண் சொக்கிவிடும். செங்காங்கில் இறங்க வேண்டியவள் பொங்கோல் வரை போய்த் திரும்பியதும் உண்டு. இதை வைத்து என் கணவர் வீட்டில் செய்யும் கேலிக்கு நானே வயிறு குலுங்கச் சிரிப்பேன். நான் சோபாவில் சாய்ந்தால் போதும், ரயில் அறிவிப்பைப் போலக் குரலை மாற்றிக்கொண்டு, “அடுத்த நிலையம், பொங்கோல்” என்பார்; உடனே மகன் ஓடி வந்து என் தோளைத் தட்டி, “அம்மா, இறங்குங்கள்” என்பான்.

அண்மையில் ஒரு குடும்ப விருந்தில் அதே கதையை எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டு, “இவள் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவாள், பையனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்” என்று முடித்தார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அன்றிரவு முழுவதும் மனம் ஆறவில்லை. வீட்டில் இனிக்கிற கேலி வெளியில் ஏன் கசக்கிறது?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். எங்கள் வாட்ஸ்அப் உரையாடலைத் திரும்பிப் பார்த்தால், “பையனை யார் அழைத்து வருவது”, “அரிசி முடிந்துவிட்டது”, “மின்கட்டணம் கட்டியாயிற்றா” என்பவைதாம் நிறைந்திருக்கின்றன. நீண்ட காலம் இணைந்து வாழ்ந்தவர்கள் அந்தச் சிரிப்பை எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள்?

தோ பாயோ பாட்டி:

மகளே, உன் கேள்வியை என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அவருடைய அனுமதியைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் குடியேறிய காலத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காது. 2001ஆம் ஆண்டில் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிய பிறகுதான் அப்படிப்பட்ட பழைய புளோக்குகளுக்கு ஒவ்வொன்றாக அந்த வசதி வந்தது. அதற்கெல்லாம் முன்பு, ஒரு பொங்கலுக்கு முதல் நாள், இவர் லிட்டில் இந்தியாவில் இருக்கும் கேம்பல் லேனுக்குப் போய்த் தோகையோடு இரண்டு முழுக் கரும்புகளை வாங்கி வந்தார். மின்தூக்கி நின்ற மாடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு இரண்டு மாடி படியேற வேண்டும். படிக்கட்டு திரும்பும் இடத்தில் கரும்பு மேலே கூரையையும் கீழே கைப்பிடியையும் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. நறுக்கிவிடலாம் என்று நான் சொன்னதற்கு, முழுக் கரும்பாக வீட்டுக்குள் நுழைந்தால்தான் பொங்கல் என்று பிடிவாதமாக நின்றார். கீழ்வீட்டு மலாய்க்கார அம்மா கதவைத் திறந்து, சிறிது நேரம் பார்த்துவிட்டு, தாமும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அரைமணி நேரம் கழித்துத் தோகையில் பாதியைப் படிக்கட்டிலேயே உதிர்த்துவிட்டுக் கரும்பு வீடு வந்து சேர்ந்தது. (விலை மலிவாகக் கிடைத்தது என்பதையும் எழுதச் சொல்லி இவர் பக்கத்தில் நிற்கிறார்.)

அன்று முதல் எங்களில் யார் வீம்பு பிடித்தாலும், “கரும்பு ஏறுகிறது” என்று மற்றவர் சொல்லிவிடுவோம். சண்டை பாதியிலேயே நின்றுவிடும். சில ஆண்டுகளுக்கு முன் இவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பின் மருத்துவமனையில் படியேறிப் பழக்கினார்கள். நான்காவது படியில் மூச்சு வாங்க நின்றவர், கைப்பிடியை விடாமலேயே என்னைத் திரும்பிப் பார்த்து, “கரும்பு ஏறுகிறது” என்றார். உடனிருந்த சிகிச்சையாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

உன் வீட்டு ரயில் அறிவிப்பும் அத்தகைய சொத்துதான். அதை ஊருக்கு எடுத்துக் கொடுக்கும்முன் உன்னைக் கேட்க வேண்டும் என்று உன் கணவரிடம் தெளிவாகச் சொல்லிவிடு. சிரித்து வைத்துவிட்டு உள்ளே புழுங்காதே.

மாலைநடை:

பாட்டி சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். வாசகி கேட்ட ‘ஏன்’ என்பதற்கு என் கருத்தைச் சொல்கிறேன்.

வீட்டில் அவர் உங்கள் தூக்கத்தைக் கேலி செய்யும்போது, நீங்கள் இரவு முழுவதும் நோயாளிகளுக்காக விழித்திருந்தது அவருக்கும் தெரியும், அது அவருக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். விருந்தில் இருந்தவர்களுக்கு அந்த முற்பகுதி தெரியாது, தூக்கம் மட்டுமே தெரியும். போதாததற்கு, “பையனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்” என்ற கடைசி வரி உங்கள் தாய்மையின்மேல் ஒரு தீர்ப்பாகவே விழுந்துவிட்டது. மணவாழ்வை நீண்ட காலம் ஆராய்ந்த ஜான் காட்மன், மணமுறிவை முன்கூட்டியே காட்டும் அறிகுறிகளுள் மிக வலியதாகச் சொல்வது துணையை இளக்காரமாக நடத்துவதைத்தான். உங்கள் கணவர் அந்த நிலையில் இருப்பதாக நான் சொல்லவில்லை. மகனோடு சேர்ந்து அவர் ஆடும் விளையாட்டில் அன்புதான் தெரிகிறது. ஆயினும் பிறர் முன்னிலையில் சொல்லப்படும் கேலி அந்தப் பக்கம் சாய்வதற்கு ஒரே ஒரு வரி போதும்.

திருக்குறளில் புலவி நுணுக்கம் என்ற அதிகாரத்தை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். கணவன் தும்முகிறான், மனைவி வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாயாலேயே, “யார் நினைத்ததால் தும்மினீர்” என்று கேட்டு அழுகிறாள். அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்கிக்கொள்கிறான். “உம்மவர் உம்மை நினைப்பதை எனக்கு மறைக்கிறீரோ” என்று அதற்கும் அழுகிறாள். அவன் எப்படி நடந்தாலும் தப்ப வழியில்லை என்பதில்தான் நகைச்சுவை பிறக்கிறது. ஆனால் அவனுடைய ஒவ்வொரு தும்மலையும் ஒருத்தி கவனித்துக்கொண்டிருக்கிறாள் என்பதும், அந்த வேடிக்கையைக் கண்டு சிரிக்க மூன்றாவது ஆள் ஒருவரும் அங்கே இல்லை என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஊடல் உணவுக்கு உப்பிட்டதைப் போல அளவோடு இருக்க வேண்டும் என்று முந்தைய அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னது கேலிக்கும் பொருந்தும்.

சிரிப்பு வறண்டுவிடுமோ என்ற அச்சத்துக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லெவன்சன் குழுவினர், மணமாகிக் குறைந்தது 15 ஆண்டுகளாவது ஆன 87 தம்பதியரின் உரையாடல்களைப் பதிவுசெய்து 13 ஆண்டுக் காலம் தொடர்ந்து கவனித்தனர். வயது ஏற ஏறக் குறைகூறலும் தற்காப்புப் பேச்சும் குறைந்தன, நகைச்சுவையும் கனிவும் கூடின. சிறு பிள்ளையையும் இரவுப் பணியையும் வைத்துக்கொண்டு நீங்கள் நிற்கும் இந்தக் கட்டத்தைக் கொண்டு மொத்த வாழ்வையும் அளந்துவிட வேண்டாம்.

செங்காங் வாசகி:

மிக்க நன்றி. நேற்றிரவு மகன் தூங்கிய பிறகு அவரிடம் பேசினேன். நானும் சேர்ந்து சிரித்ததால் எனக்குப் பிடித்திருக்கிறது என்றே நினைத்துக்கொண்டாராம். கடைசி வரியை எடுத்துச் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, விருந்தில் இருந்த தம் அம்மாவிடம் தாமே பேசி அதைச் சரிசெய்வதாகச் சொன்னார். வாட்ஸ்அப் பற்றிய என் இரண்டாவது கேள்விக்கும் யாரேனும் பதில் சொல்லுங்கள்.

தஞ்சாவூரான்:

அந்த இரண்டாவது கேள்வியில் உங்களோடு நான் சற்று மாறுபடுகிறேன், சகோதரி. நான் தஞ்சையிலிருந்து வேலைக்கு வந்து, இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்ணை மணந்தவன். எங்கள் உரையாடலும் பெரும்பாலும் அரிசியும் கட்டணமும்தான், ஆனால் அதில் அன்பு இல்லை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பிற்பகல் வானம் கறுத்ததும் மனைவியிடமிருந்து, “மூங்கில் கழியில் உங்கள் நீலச் சட்டை” என்று ஒரு வரி வரும். நான் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளாக இருந்தால் எழுந்துபோய்த் துணிகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, “சட்டை பத்திரமாக மீட்கப்பட்டது, பாவாடை மருத்துவக் கண்காணிப்பில் உள்ளது” என்று செய்தி வாசிப்பவரைப் போல் பதில் எழுதுவேன். அவர் பணியிடத்தில் அதைப் படித்துச் சிரித்ததாக மாலையில் வந்து சொல்வார். இதற்காகத் தனியே நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, எப்படியும் அனுப்பப்போகிற பதில்தானே. அரிசி முடிந்துவிட்டது என்று அடுத்த முறை உங்கள் கணவர் எழுதும்போது ‘சரி’ என்பதோடு நிறுத்தாமல் இன்னும் ஒரு வரி சேர்த்து அனுப்பிப் பாருங்கள். ரயில் அறிவிப்புக் குரலில் பேசத் தெரிந்தவர் அதற்குக் கட்டாயம் பதில் எழுதுவார்.