ஹார்ட்டன்ஸ்டைன் நிக்ஸில் இருப்பாரா, கிளம்புவாரா?

கணக்குப்பிள்ளை | ஜூன் 25, 2024
நியூயார்க் ரசிகர்கள் எல்லாரும் "நம்ம பையன், போக மாட்டான்"னு நம்பிக்கிட்டு இருக்கீங்க. NBA கூடைப்பந்துல நியூயார்க் நிக்ஸோட சென்டர் (கூடைக்குக் கிட்ட நிக்கிற உயரமான ஆளு) ஐசையா ஹார்ட்டன்ஸ்டைன், ஒப்பந்தம் முடியுது. போன சீசன்ல வாங்கினது சுமார் 92 லட்சம் டாலர். நிக்ஸ்ல ரெண்டே வருஷம்தான் ஆச்சு. அதனால சொந்த வீரரைத் தக்க வைக்க 'ஏர்லி பேர்ட்' விதிதான் (பறவை இல்லீங்க, பழைய வீரர் லாரி பேர்ட் பேரு): பழைய சம்பளத்துல 175 சதவீதத்துல ஆரம்பிச்சு, வருஷத்துக்கு 8 சதவீதம் ஏத்தலாம். நாலு வருஷத்துக்கு 7.25 கோடி. ஆசைப்பட்டாலும் அதுக்கு மேல தர வழியில்ல. கேப்ல (அணியோட மொத்தச் சம்பள வரம்புல) இடம் வச்சிருக்கிற ஒரு அணி கதவைத் தட்டினா போதும்.

பழைய நிக்ஸ் ரசிகன்
எந்த அணி தட்டும்? ஆட்டத்துக்குச் சராசரி 7.8 புள்ளி, 8.3 ரீபவுண்ட் (கூடையில விழாம திரும்புற பந்தைப் பிடிக்கிறது). 75 ஆட்டத்துல 49 தான் ஸ்டார்ட் (ஆரம்பத்துலேயே களமிறங்குறது), அதுவும் எங்க இன்னொரு சென்டர் மிச்சல் ராபின்சன் கணுக்கால் போனதால கிடைச்சது. ஹூஸ்டன், டென்வர், கிளீவ்லாண்ட், கிளிப்பர்ஸ்னு சுத்தின ஆளு. நம்பி விளையாட விட்டது நிக்ஸ் கோச் திபடோதான். அந்த நன்றி இருக்காதா?

மூன்றரை மணி காபி
அண்ணே, புள்ளியைப் பார்த்து சென்டரை எடை போடாதீங்க. நிக்ஸ் நட்சத்திரம் பிரன்சன் மேல எதிரணி ரெண்டு பேர் பாயுறப்போ என்ன நடக்குதுன்னு பாருங்க. ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்துல பந்து இவர் கைக்கு வரும். கார்னர்ல ஆள் சும்மா நின்னா அங்க பாஸ். இல்லைன்னா ஒத்தைக் கையால பந்தை மெதுவா உயரத் தூக்கி விடுற அந்த ஃப்ளோட்டர். 7 அடி ஆளுக்கு இது சாதாரணமா வராது.

கதவைத் தட்டப்போறது ஓக்லஹோமா அணி. பிளேஆஃப்ல டல்லாஸ்கிட்ட 6 ஆட்டத்துல தோத்தாங்களே, டல்லாஸ் சென்டருங்க லைவ்லியும் காஃபோர்டும் உள்ளே புகுந்து ரீபவுண்ட் எடுக்கறப்போ ஓக்லஹோமா சென்டர் ஹோம்கிரன் தள்ளாடினது மறந்துபோச்சா? தங்க வீரர் கிடியைக் கொடுத்து கரூசோவை வாங்கிட்டாங்க. மிச்சக் காசு சென்டருக்குத்தான்.

பழைய நிக்ஸ் ரசிகன்
ஓக்லஹோமா மேனேஜர் பிரெஸ்டியா? டிராஃப்ட்ல இளசுகளை எடுத்து வளர்க்குற ஆளு, வெளிச்சந்தையில கொட்டிக் கொடுக்குற ஆளு இல்ல. மூணு பாயிண்ட் போடாத சென்டரை ஹோம்கிரனோட சேர்த்து நிறுத்தினா அவங்க நட்சத்திரம் ஷே கூடைப்பக்கம் உள்ளே ஓட இடம் எங்க?

கணக்குப்பிள்ளை
ரெண்டு சென்டரும் ஆட்டத்தோட 48 நிமிஷமும் சேர்ந்தே நிக்கணும்னு யார் சொன்னது? இது நியாயமான கேள்விதான், ஆனா அவர் விலையைக் குறைக்கிற அளவுக்கு இல்ல.

மூன்றரை மணி காபி | ஜூலை 2, 2024
வீரர்கள் சந்தை திறக்கிறதைப் பார்க்க நேத்து விடியக்காலை மூன்றரைக்கு எந்திரிச்சேன். அப்போ இவர் பேரையே காணோம், சேதி அப்புறமாத்தான் வந்துச்சு. ஓக்லஹோமா, 3 வருஷம், 8.7 கோடி. அண்ணே, இருக்கீங்களா?

பழைய நிக்ஸ் ரசிகன்
இருக்கேன், இருக்கேன். ஆனா மூணாவது வருஷம் அணியோட ஆப்ஷன் (வச்சுக்கலாமா வேண்டாமான்னு அவங்க முடிவு). உறுதியான காசு 5.85 கோடிதான். இங்க இருந்திருந்தா 7.25 வரைக்கும் கிடைச்சிருக்கும்.

கணக்குப்பிள்ளை
5.85 ரெண்டே வருஷத்துல. நீங்க சொல்ற 7.25க்கு நாலு வருஷம் உழைக்கணும். பாக்கி 1.4 கோடியை 28 வயசுல, அடுத்த ரெண்டு வருஷத்துல சம்பாதிக்க முடியாதா? நியூயார்க் நகர வரி வேற மிச்சம்.

பழைய நிக்ஸ் ரசிகன்
வரியை விடு. ராபின்சனுக்கு மறுபடியும் ஆபரேஷன் ஆகியிருக்கு. அக்டோபர்ல எங்களுக்கு ஆட்டம் ஆரம்பிக்கிற ஜம்ப் பால் யாருப்பா குதிப்பான்?