கள்ளக்கடல் எச்சரிக்கைப் பலகையைப் படிக்கும்படியாக மாற்றுவது எப்படி?

படிப்பகத்துக்காரன்

அனைவருக்கும் வணக்கம். குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையிலுள்ள ஒரு கடற்கரை ஊரில் இளைஞர் படிப்பகத்தைக் கவனித்து வருகிறேன். காற்றும் மழையும் இல்லாத நாளிலும் கடல் திடீரெனக் கரையேறி வரும் கள்ளக்கடலைப் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்வதற்காக, எங்கள் மீன் ஏலக்கூடத்துச் சுவரில் நான்கு அடி உயரமும் மூன்று அடி அகலமும் கொண்ட ஃப்ளெக்ஸ் பலகை ஒன்று சென்ற ஆண்டு வைக்கப்பட்டது. அதன் முன் ஒருவர் நின்று படித்து நான் இதுவரை பார்த்ததில்லை. புதிய பலகையை நாமே வைப்போம் என்று ஊரில் முடிவாகி, கணினி தெரிந்தவன் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

இப்போதுள்ள பலகையின் பின்னணி முழுவதும் திருவள்ளுவர் சிலையின் புகைப்படம். அதன்மேல் நீலக் கடல் பரப்பில் சிவப்பு எழுத்துகள். இடப்புறம் சுருண்டு எழும் பேரலை, நடுவில் ஆறு துண்டுகளாகச் சாய்த்து வரையப்பட்ட முப்பரிமாண வட்ட விளக்கப்படம், வலப்புறம் ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை எல்லா ஊர்களின் பெயரும் எறும்பளவில் எழுதப்பட்ட மாவட்டக் கடற்கரை வரைபடம். கீழே பதினான்கு வரிகளில் ஒரு பத்தி. அதற்கும் கீழே, சின்னங்களின் வரிசைக்குள் ஒளிந்தபடி தொலைபேசி எண்கள். எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 212 சொற்கள், ஏழு வகை எழுத்துருக்கள்.

நிறங்களைக் குறைத்து, வட்டப்படத்தைப் பட்டைப்படமாக்கி, எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி ஒரு வரைவு தயாரித்தேன். அதைப் பார்த்த என் சித்தப்பா, வள்ளத்தை எங்கே ஏற்றிக் கட்ட வேண்டும் என்று இதில் எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டார். நானே தேடித்தான் காட்ட வேண்டியிருந்தது. எங்கே தவறு செய்கிறேன் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோடும் கட்டமும்

தம்பி, நாகர்கோவிலில் இருபது ஆண்டுகளாகப் பக்க வடிவமைப்பு செய்து வருகிறேன். உங்கள் சித்தப்பா கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். பழைய பலகையில் இருந்த எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அழகுபடுத்தியிருக்கிறீர்கள். எதை எடுத்துவிடலாம் என்று முதலில் பார்த்திருக்க வேண்டும்.

வட்டப்படத்தைப் பட்டைப்படமாக்கவே தேவையில்லை. அந்த ஆறு துண்டுகளின் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பலகையில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் நீக்கிவிடுங்கள். மேலும், சாய்த்து வரைந்த வட்டத்தில் முன்பக்கம் விழும் துண்டு எப்போதும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும் என்பதால், கணக்கு சரியாகவே இருந்தாலும் படம் பொய் சொல்லும். மாவட்ட வரைபடமும் வேண்டாம். ஏலக்கூடத்தில் நிற்பவருக்குத் தாம் எந்த ஊரில் நிற்கிறோம் என்பது தெரியும். அவருக்கு வேண்டியது அங்கிருந்து மேட்டுக்குப் போகும் வழி மட்டுமே.

அடுத்து, அந்தப் பலகை இரண்டு வகை மக்களிடம் ஒரே நேரத்தில் பேசுகிறது. வள்ளமும் வலையும் வைத்திருப்பவருக்கு வேண்டிய செய்தி வேறு, கடல் பார்க்க வந்தவருக்கு வேண்டிய செய்தி வேறு. 2024 மே 6 அன்று நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் அலையில் சிக்கி உயிரிழந்த ஐந்து மருத்துவ மாணவர்களும் கடல் பார்க்க வந்தவர்கள். நம் ஏலக்கூடத்துச் சுவரில் எதை எழுதி வைத்தாலும் அது அவர்களைப் போன்றோரின் கண்ணில் படாது. பயணிகளுக்கான பலகையைக் கடற்கரைக்கு இறங்கும் வழியில் தனியாக வையுங்கள்.

எழுத்தின் அளவுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. பத்து அடி தூரத்திலிருந்து சிரமமின்றிப் படிக்க எழுத்து ஓர் அங்குல உயரம் இருக்க வேண்டும். முப்பது அடியிலிருந்து தலைப்பு தெரிய வேண்டுமென்றால் மூன்று அங்குலம். இந்தக் கணக்கில் எழுதத் தொடங்கினால் நாற்பது சொற்களுக்கு மேல் பலகையில் இடம் இராது. அந்த நெருக்கடியே எது முக்கியம் என்பதை உங்களுக்குக் காட்டிவிடும். பேரலைப் படத்தை மட்டும் இன்னும் பெரிதாக்கி நடுவில் வையுங்கள், கண்ணை இழுக்கும்.

கரைமடி

மேலே அண்ணன் எழுதிய எல்லாவற்றையும் ஏற்கிறேன், கடைசி வரியைத் தவிர. நான் கடல் தொழில் செய்பவன். அந்தப் பேரலைப் படந்தான் பலகையின் பெரிய பிழை என்பது என் கருத்து.

கள்ளன் போல் ஓசையில்லாமல் வருவதால்தான் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயல்காற்றில் எழும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, சில நாள்கள் கழித்து நம் கரைக்கு வந்து சேர்கின்றன. அப்போது நம் ஊரில் காற்று இராது, மழை இராது, வானம் தெளிந்திருக்கும். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வரும். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற தேசியக் கடல் தகவல் மையத்தின் முன்னறிவிப்பைப் பார்த்தால் அலை உயரம் பல சமயம் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் 15 விநாடிக்கு மேல் இடைவெளி இருக்கும். அப்படிப்பட்ட அலை உடைந்து திரும்பிவிடாமல், நீர்த்திரளாகக் கரையில் ஏறிக்கொண்டே வரும். வரிசையாக நிறுத்திய வள்ளங்கள் மிதந்து ஒன்றோடொன்று மோதி உடைவது அப்போதுதான்.

சுருண்டு எழும் பேரலையைப் பலகையில் பார்த்துப் பழகியவர், அப்படி ஓர் அலை வந்தால் ஓடலாம் என்று நினைத்துக்கொண்டு தெளிந்த வானத்தின் கீழ் நின்றுகொண்டிருப்பார். எங்கள் தலைமுறைக்கு 2004 சுனாமியும் 2017 ஒக்கியும் நெஞ்சில் இருக்கின்றன. கடல் ஆபத்து என்றாலே மலை போன்ற அலையும் சூறைக்காற்றும்தான் நினைவுக்கு வரும். அந்த எண்ணத்தை மாற்றத்தான் இந்தப் பலகையே வேண்டும்.

கோடும் கட்டமும்

நான் சொன்னது தவறு. படத்தின் கவர்ச்சியை மட்டும் பார்த்துவிட்டேன். அப்படியென்றால் ஒரே இடத்தை இரண்டு முறை வரையுங்கள், தம்பி. வானம், தென்னை, வள்ளம் எல்லாம் இரண்டு படத்திலும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கட்டும். தண்ணீர் நிற்கும் இடம் மட்டும் மாறட்டும். எதை மாற்றாமல் விடுகிறீர்களோ அதுவே மாறியதைக் காட்டிக்கொடுக்கும். உங்கள் ஊரில் கரையோரம் குருசடி (சிலுவை நட்ட சிறு வழிபாட்டிடம்) இருந்தால் அதன் படிக்கட்டையே அளவுகோலாக்கலாம்: வழக்கமான நாளில் தண்ணீர் படிக்கு வெகு கீழே, கள்ளக்கடல் நாளில் இரண்டாம் படியில்.

அச்சுக்கூடம்

தக்கலையில் ஃப்ளெக்ஸ் அச்சகத்தில் வேலை செய்கிறேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் சிலவற்றைக் கவனியுங்கள்.

கடற்கரை வெயிலில் முதலில் வெளுப்பது சிவப்பும் மஞ்சளும். கறுப்பும் நீலமும் நெடுநாள் நிற்கும். ‘ஆபத்து’ என்ற சொல்லைச் சிவப்பில் எழுதிய பலகைகளில் ஓராண்டு கழித்து அந்தச் சொல் மட்டும் மங்கிப்போய் மற்றவை பளிச்சென்று இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முக்கியமான சொற்களைக் கறுப்பில், தடித்த எழுத்தில் வையுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அதுவே நல்லது.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதற்காக எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கி ஒடுக்காதீர்கள், கோடுகள் மெலிந்துவிடும். எழுத்துகளை இழுத்து அகட்டவும் கூடாது. ஒற்றைக்கொம்பு தன் எழுத்தை விட்டு விலகி முந்தைய எழுத்தோடு சேர்ந்தது போலத் தெரியும். மேல் விலங்கும் கீழ் விலங்கும் முட்டாமல் இருக்க வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள். பழைய மென்பொருளில் யூனிகோடு எழுத்தை ஒட்டினால் ‘கொ’, ‘கோ’ போன்றவை சிதைந்துவிடும் என்பதால், எழுத்துகளைக் கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றிய பிடிஎஃப் கோப்பாகவே கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. இன்காய்ஸ் எச்சரிக்கையின் நிறம் நாளுக்கு நாள் மாறும். அதைப் பலகையில் அச்சடிக்காமல் இரண்டு கொக்கிகள் மட்டும் வைத்தால், எச்சரிக்கை உள்ள நாளில் அந்த நிறத் தகட்டை மாட்டலாம். காலியாக இருந்த கொக்கியில் தகடு தொங்குவதே மக்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

படிப்பகத்துக்காரன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே மாற்றி, ஏ3 தாளில் அச்செடுத்து, ஏலக்கூடத்துத் தூணில் மூன்று நாள் ஒட்டி வைத்தேன். தலைப்பு: ‘காற்று இல்லை, மழை இல்லை, கடல் ஏறும்.’ அதன் கீழே குருசடிப் படிகளோடு இரண்டு படங்கள். பிறகு மூன்றே வரிகள்: வள்ளங்களை மேட்டில் இடைவெளி விட்டுக் கட்டுங்கள், கரையோர வீட்டிலுள்ளவர்கள் பள்ளிக்கூட மேட்டுக்குப் போங்கள், கடலில் எவரேனும் சிக்கினால் கடலோரக் காவல்படையின் 1554. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 அதற்கு அடுத்து. மொத்தம் நாற்பது சொற்களுக்கும் குறைவு.

எழுதப் படிக்கத் தெரியாத, மீன் விற்கும் பாட்டி ஒருவரிடம் படத்தை மட்டும் காட்டி என்ன புரிகிறது என்று கேட்டேன். காலையில் வற்றியிருந்த கடல் மதியம் ஏறியிருக்கிறது, தினமும் நடப்பதுதானே என்றார். இரண்டு படங்களிலும் நான் வரைந்திருந்த சூரியன்தான் காரணம்; உயரம் சற்று மாறிப்போயிருந்தது, அதை அவர் நேரமாக எடுத்துக்கொண்டார். சூரியனை எடுத்துவிட்டு, முதல் படத்தின் வள்ளங்கள் மணலில் நிற்க, இரண்டாவதில் அதே வள்ளங்கள் மிதந்து ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருக்கும்படி வரைந்தேன். மறுநாள் அவரே, மேலே மேட்டுப் பக்கம் கை நீட்டி, இதைக் கண்டால் கூடையை எடுத்துக்கொண்டு அங்கே போக வேண்டும் என்றார்.

திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன். கொக்கிகளுக்கு இடம் விட்டிருக்கிறேன்.