பொன்னியை அனுப்ப வேண்டுமா?

குழு: அல்சூர் வீடு
ஞாயிறு

வசந்தா: பிரகாஷ், நம் பூனை பொன்னியை யாரிடமாவது கொடுத்துவிடு என்று நேற்றே சொன்னேன். ரேவதிக்கு மூன்றாம் மாதம். பூனை உள்ள வீட்டில் கர்ப்பிணி இருந்தால் குழந்தைக்குக் கண், மூளை எல்லாம் பாதிக்குமாம். கீழ் வீட்டு அம்மா சொன்னார்கள்.

பிரகாஷ்: கேட்டுப் பார்த்தேன் அம்மா. எடுத்துக்கொள்ள யாரும் இல்லை.

வசந்தா: அப்படியென்றால் ஏரிப் பக்கம் விட்டுவிட்டு வா. எதையாவது தின்று பிழைத்துக்கொள்ளும்.

ரேவதி: அத்தை, தயவுசெய்து வேண்டாம். தீபா அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்போம். அக்கா, நேற்று வந்த ரத்த ரிப்போர்ட் இது. டாக்ஸோபிளாஸ்மா ஐஜிஜி நெகட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்று இருக்கிறது.
[படம்]

தீபா: இப்போதுதான் ஒரு நாய்க்குத் தையல் போட்டு முடித்தேன். பார்க்கிறேன் ரேவதி.

தீபா: வசந்தா அத்தை, நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கர்ப்பமாக இருக்கும்போது டாக்ஸோபிளாஸ்மா என்ற இந்த ஒட்டுண்ணி முதல்முறையாகத் தொற்றினால் குழந்தையின் கண்ணையும் மூளையையும் தாக்கலாம். கருவே கலையவும் கூடும். ஆனால் ரேவதி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பொன்னியோடுதான் இருக்கிறாள். ரிப்போர்ட்டில் உள்ள ஐஜிஜி பழைய தொற்றையும் ஐஜிஎம் புதிய தொற்றையும் காட்டும் எதிர்ப்புப் பொருள்கள். இரண்டுமே நெகட்டிவ் என்றால் இதுவரை அவளுக்குத் தொற்றவே இல்லை என்று அர்த்தம்.

வசந்தா: அப்போது கவலை இல்லை, அப்படித்தானே?

தீபா: முழுக்க அப்படிச் சொல்ல முடியாது அத்தை. தொற்றவில்லை என்றால் உடம்பில் எதிர்ப்பும் இல்லை. ஐஜிஜி மட்டும் பாசிட்டிவாக இருந்திருந்தால் எப்போதோ வந்து போன பழைய தொற்று, குழந்தைக்குக் காப்பு என்று சொல்லியிருப்பேன். ரேவதிதான் பிரசவம் வரை கவனமாக இருக்க வேண்டியவள்.

பிரகாஷ்: இது நிறையப் பேருக்கு இருக்கிறதா, அபூர்வமா?

தீபா: உலகத்தில் மூன்றில் ஒருவருக்கு இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நம் நாட்டில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். மொத்தத்தில் 22.4 சதவீதம் பேருக்குப் பழைய தொற்றின் அடையாளம். தென்னிந்தியாவில்தான் அதிகம், 37.3. மேற்கே வெறும் 8.8. புதிய தொற்றைக் காட்டும் ஐஜிஎம் 1.43 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. இத்தனை பேரும் பூனை வளர்த்தவர்கள் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு காய்ச்சல் போல வந்து போயிருக்கும், அதுகூடத் தெரிந்திருக்காது.

செல்வம்: தீபா, எங்கள் கோவையில் நடந்ததைச் சொல்லம்மா. 2004, 2005இல் கண் மங்குகிறது என்று வரிசையாக அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனார்களே.

தீபா: ஆமாம் அப்பா, அதைத்தான் சொல்ல வந்தேன். 248 நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழிலேயே எழுதினார்கள். விழித்திரையில் இதே ஒட்டுண்ணி. மாநகராட்சிக் குடிநீர் வழியாகப் பரவியிருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். இதன் முட்டை குளோரினுக்குச் சாகாது. கொதிக்கவைத்தால் செத்துவிடும்.

வசந்தா: தண்ணீரிலா? இங்கே சம்ப்பில் நிரப்புவதும் குழாய்த் தண்ணீர்தானே!

தீபா: ரேவதிக்கு மட்டுமாவது கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் கொடுங்கள் அத்தை.

ரேவதி: பூனைக்கு இதில் என்ன பங்கு அக்கா? எல்லாரும் பூனையைத்தானே சொல்கிறார்கள்.

தீபா: பங்கு இருக்கிறது. இந்த ஒட்டுண்ணி முட்டையிடுவது பூனை இனத்தின் குடலில் மட்டும்தான். 1970 வாக்கில் இதைக் கண்டறிந்தவர்களில் நம் நாட்டில் பிறந்த கால்நடை மருத்துவர் ஜே.பி. துபேயும் ஒருவர். படிக்கிற காலத்திலிருந்தே எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

ஆனால் எல்லாப் பூனையும் எல்லா நாளும் முட்டை போடுவதில்லை. எலியையோ பறவையையோ பச்சை இறைச்சியையோ தின்று முதல்முறை தொற்றும்போது, ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை மலத்தில் லட்சக்கணக்கில் வெளியேறும். பிறகு பெரும்பாலும் நின்றுவிடும். வெளியேறிய உடனே அது தொற்றவும் தொற்றாது, முற்றுவதற்கு ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதனால்தான் பூனை மலம் கழிக்கும் தட்டைத் தினமும் சுத்தம் செய்யச் சொல்கிறோம். தடவிக்கொடுப்பதால் வருவது மிக மிக அபூர்வம்.

பொன்னி வெளியே போவதில்லை, உலர்தீனியும் வேகவைத்த மீனும்தான் சாப்பாடு. அவளை ஏரியில் விட்டால்தான் எலி பிடிப்பாள், தொற்றிக்கொள்வாள், யார் வீட்டு மண்ணிலோ போய்ப் போடுவாள். அத்தை, அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். என் கிளினிக் வாசலில் இப்படிக் கைவிடப்பட்ட பூனைகளைப் பார்த்துப் பார்த்து மனசு ஆறவில்லை.

செல்வம்: எங்கள் வீட்டு நாய்க்கும் வருமா?

தீபா: தொற்றலாம் அப்பா. வெப்ப ரத்த விலங்கு எதற்கும், கோழிக்குக்கூட வரும். நாய் மலத்தில் முட்டை வராது. ஆடு, பன்றி, கோழி இவற்றின் சதையில் கட்டியாகப் படிந்திருக்கும். 67 டிகிரி சூடு உள்ளே வரை ஏறினால் செத்துவிடும், அதனால் நம் குழம்பில் பயமில்லை. நடுவில் சிவப்பாக இருக்கும் கபாப் வேண்டாம். அப்புறம், கோலா உருண்டைக்குக் கைமா பிசையும்போது உப்புப் பார்ப்பீர்களே அத்தை, ரேவதியை அப்படிப் பார்க்கச் சொல்லாதீர்கள். கறி வெட்டிய கத்தியும் பலகையும் கழுவாமல் வெள்ளரிக்காய் நறுக்கக் கூடாது.

தீபா: இன்னொன்று. மொட்டைமாடித் தொட்டியில் கொத்தமல்லி, புதினா வளர்க்கிறீர்கள் இல்லையா? தெருப்பூனை அந்த மண்ணைக் கிளறுமா?

வசந்தா: கிளறும். விரட்டி விரட்டி அலுத்துவிட்டது. அதைத்தான் பச்சையாக அரைத்துச் சட்னி வைக்கிறேன்.

தீபா: பொன்னியைவிட எனக்கு அந்த மண்தான் கவலை. முட்டை ஈரமண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தொட்டிக்கு வலை போடுங்கள். ரேவதி மண்ணில் கை வைக்கவே வேண்டாம். கீரையை வேகவைத்தே கொடுங்கள்.

வசந்தா: சரி தீபா. பிரகாஷ், இன்று கடைக்குப் போகும்போது வலை வாங்கி வா. அளவு நான் எடுத்து வைக்கிறேன்.

பிரகாஷ்: சரி அம்மா. பொன்னியின் தட்டு இனி என் பொறுப்பு. காலையில் ஆபீஸ் கிளம்பும் முன்னால் கையுறை போட்டுச் சுத்தம் செய்துவிடுகிறேன்.

ரேவதி: நன்றி அக்கா. நான் மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

தீபா: அதை உன் மகப்பேறு டாக்டர்தான் சொல்ல வேண்டும். பிரான்ஸில் எதிர்ப்பு இல்லாத கர்ப்பிணிகளுக்கு மாதாமாதம் எடுப்பார்கள், இங்கே அந்த வழக்கம் இல்லை. பின்னால் எப்போதாவது ஐஜிஎம் பாசிட்டிவ் வந்தால் அதை மட்டும் பார்த்து யாரும் கலங்க வேண்டாம். அது ஒரு வருஷத்துக்கு மேலும் ரத்தத்தில் நிற்கும். அவிடிட்டி என்ற பரிசோதனை செய்தால் புதுசா பழசா என்று ஓரளவு தெரியும். புதுசென்றால் மருந்தும் உண்டு.

ரேவதி: வியாழக்கிழமை செக்கப். கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.

வசந்தா: தண்ணீர் அடுப்பில் ஏற்றிவிட்டேன் ரேவதி. பாட்டிலைக் கொண்டு வா.