புதுப்பிப்பு: ஹல்ட் பரிசுப் போட்டியில் எங்கள் பனியன் வேஸ்ட் திட்டம்

திருப்பூர் பனியன் கம்பெனிகள் கழிக்கும் கட்டிங் வேஸ்ட்டை (துணி வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளை), வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண்களைக் கொண்டு நிறவாரியாகப் பிரித்து நூற்பாலைகளுக்கு விற்கும் எங்கள் திட்டத்துடன் ஹல்ட் பரிசுப் போட்டியில் சேரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சமூகப் பிரச்சினைகளைத் தீர்க்கும் தொழில் யோசனைகளுக்காக உலக அளவில் கல்லூரி மாணவர்களுக்கு நடக்கும் போட்டி அது. சேர்ந்தோம், கல்லூரிச் சுற்றையும் தாண்டிவிட்டோம்.

சமூக நோக்கத்தைப் பெரிதாகப் பேசுமாறு பலர் சொல்லியிருந்தீர்கள். நடுவர்களோ அதை விரைவாகக் கடந்து, ஒரு கிலோவுக்குக் கொள்முதல் விலை, பிரிக்கும் கூலி, வண்டி வாடகை போக என்ன மிஞ்சும் என்பதிலேயே நின்றார்கள். வெள்ளைத் துணிக்குக் கூடுதல் விலை உண்டு என்பதும், நிறவாரியாகப் பிரித்த துணியிலிருந்து நூற்கும் நூலுக்கு மறுபடி சாயமேற்றும் செலவு மிச்சமாகும் என்பதும் எங்களுக்குக் கைகொடுத்தன. லைக்ரா (இழுபடும் செயற்கை இழை) கலந்த துண்டைக் கையால் எப்படி இனங்காண்பீர்கள் என்று கேட்டபோது, அணித்தோழி ஒரு துண்டை இழுத்துவிட்டு, அது சட்டென்று சுருங்கித் திரும்புவதைக் காட்டினார். எங்கள் ஸ்லைடுகள் எதுவும் அந்த அளவுக்கு எடுபடவில்லை.

முதல் பரிசு 10 லட்சம் டாலர் என்றதும் மலைப்பவர்களுக்கு ஒன்று: 2014இல் அதை வென்ற நானோஹெல்த், ஹைதராபாத் இந்திய வணிகப் பள்ளி மாணவர்களுடையது, குடிசைப் பகுதிகளில் நாள்பட்ட நோய்களைக் கவனிக்கச் சுகாதாரப் பணியாளர்களை வீடு தேடி அனுப்பும் திட்டம் அது. அடுத்த சுற்றுக்கு முன், பிரித்த துணியை வாங்கிக்கொள்ளச் சம்மதம் தெரிவித்து ஒரு நூற்பாலையிடமிருந்து கடிதம் பெற முயன்றுவருகிறோம்.